சேலம் பஸ்ஸில் போன சோதனைக் குழாய்கள்

போன மாதம் எங்கள் ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மேசைமேல் வைத்துக்கொள்கிற அளவில் ஒரு என்.எம்.ஆர். கருவி, அதைச் சுற்றி மாலை போடாத குறையாக ஆறேழு பிள்ளைகள். "எங்கள் ஆய்வகம்" என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறேன். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. படத்துக்குக் கீழே ஒரு பையன் கேட்டிருந்தான்: "தெரசாக்கா, முன்னெல்லாம் டியூப்ப பஸ்ல குடுத்து அனுப்புவீங்களாமே, நெசமா?"

நிஜம்தான். அதைத்தான் எழுதப்போகிறேன். அன்றன்று நடந்ததை அன்றன்றே டைரியில் எழுதிவைக்கிற ஆள் நான் என்பதால் வரிசை மாறாது. வேதியியல் படிக்காத என் வீட்டுக்காரருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேனா என்று அவரிடமே படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தி விளக்கம் கேட்டார். அந்த இரண்டு இடங்களையும் திருத்திவிட்டேன்.

படிப்பையும் பயிற்சியையும் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். எம்.எஸ்சி. வேதியியல், ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை, கல்யாணம், பிறகு நல்லம்பள்ளிக்குப் போகும் வழியில் புதிதாகத் தொடங்கிய இந்தச் சிறிய ஆய்வகம். முன்பு மாம்பழக்கூழ் தயாரித்த கட்டடம் அது. கூழ் டின்களை வைத்த குளிர் அறையில் நாங்கள் ரசாயனங்களை வைத்தோம். மருந்து கண்டுபிடிக்கிற கம்பெனிகள், "இந்தச் சேர்மத்தில் சில கிராம் செய்து கொடுங்கள்" என்று படம் வரைந்து அனுப்புவார்கள். செய்து, சுத்தம் பார்த்து, அனுப்ப வேண்டும். செய்வது மற்றவர்கள். செய்தது அதுதானா என்று பார்ப்பது நான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் நஞ்சப்பா சார். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், எழுதுவது ஆங்கிலம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். கடைசியில் உதடு அசைவதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். யாராவது வந்து, "சார், ரியாக்‌ஷன் முடிஞ்சிருச்சு" என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா, இல்ல நெனச்சீங்களா?" பார்த்தேன் என்றால், "எதுல?" என்பார். அதற்கும் பதில் சொன்னால், "ஹௌதா, அப்படியா, சந்தோஷம்" என்று கண்ணாடியை இறக்குவார். எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் அதன் லேபிளைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். முதல் வாரம் பள்ளிக்கூடம் மாதிரி வெட்கமாக இருக்கும். பிறகு வீட்டில் நல்லெண்ணெய் பாட்டிலை எடுக்கும்போதும் வாய் தானாகப் படிக்கும்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எங்களிடம் அப்போது என்.எம்.ஆர். இல்லை. ஒரு சேர்மத்தில் எந்த ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வரைபடமாகக் காட்டுகிற கருவி அது. பெரிய கருவிக்குத் திரவ ஹீலியம் ஊற்றி வளர்க்க வேண்டும். அது யானை கட்டித் தீனி போடுகிற வேலை. சேலத்தில் ஒரு பரிசோதனை மையத்தில் அது இருந்தது. ஒரு தடவை வேறொரு மையத்துக்கு இரண்டு பொடிகளை அனுப்பி, அங்கே இருந்தவர்கள் மாற்றிக் கரைத்து, எங்கள் மூன்று மாத உழைப்பு வீணாகியிருந்தது. அன்றிலிருந்து சார் சொன்னார்: "டெஸ்ட்டுக்குப் பொடியா எதுவும் கேட்ட தாண்டக் கூடாது. நம்ம கையால கரைச்சு, டியூப்ல ஊத்தி, மூடி, லேபிள் ஒட்டித்தான் போகணும்."

அப்படியே செய்தோம். காலையில் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து, டியூட்டரோ குளோரோஃபார்மில் கரைப்பேன். இந்தக் கருவிக்கென்றே கன ஹைட்ரஜன் போட்டுச் செய்த குளோரோஃபார்ம் அது. பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லியான கண்ணாடிக் குழாயில் விரல் உயரத்துக்கு ஊற்றி, மூடியைச் சுற்றி ஒட்டும் படலம் இழுத்து, பஞ்சு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கவைப்பேன். டப்பாவை அதியமான்கோட்டை நிறுத்தத்தில் சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் மையத்து ஆள் வாங்கிக்கொள்வார். வாடிக்கையான கண்டக்டர் ஒருவர் டப்பாவை வாங்கும்போதெல்லாம், "இன்னைக்கும் ஒண்ணுக்கு டெஸ்ட்டுங்களா?" என்பார். இல்லைங்க, மருந்து என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் அதே கேள்விதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இண்டோல் வேலை வந்தது.

இண்டோல் என்பது ஒரு ஆறு பக்க வளையமும் ஒரு ஐந்து பக்க வளையமும் ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஒட்டியிருக்கிற அமைப்பு. ஐந்து பக்க வளையத்தில் ஒரு நைட்ரஜன். மல்லிகைப் பூவின் வாசனையில் இது கொஞ்சம் உண்டு. அளவு கூடினால் சாக்கடை நாற்றம். ஏராளமான மருந்துகளின் உள்ளே இந்த இரட்டை வளையம் இருக்கிறது. வந்த வேலை, இதன்மேல் மூன்றாவதாக ஒரு வளையத்தைக் கட்டுவது. அதற்கு வளையக் கூட்டு வினை என்று ஒரு வழி உண்டு. இண்டோலின் ஒரு மூலையில் இரட்டைப் பிணைப்புள்ள சின்ன வால் ஒன்றை வைத்துக்கொள்வோம். மாலிமைடு என்கிற இன்னொரு மூலக்கூறு எதிரே வரும். வாலின் நுனியும் இண்டோலின் அடுத்த மூலையும் மாலிமைடின் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். புதிய வளையம் தயார். எதுவும் உதிராது, எதுவும் மிஞ்சாது. வேதியியலில் இவ்வளவு சிக்கனமான வேலை குறைவு.

சிக்கல் அதற்கப்புறம். இப்படி உருவான சேர்மத்தில், இணைந்த மூலையில் ஒரு ஹைட்ரஜன் இருக்கும். அதற்கு அங்கே இருக்கப் பிடிக்காது. துளி அமிலம் பட்டால் போதும், இடம் மாறிப் போய்விடும். இண்டோல் பழைய நிலைக்குத் திரும்பிச் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிக்கு ஹைட்ரஜன் அந்த மூலையிலேயே இருக்க வேண்டும். அடுத்த கட்டுமானம் அந்த மூலையிலிருந்துதான் தொடங்குகிறது. இடம் மாறிய சேர்மம் அவர்களுக்குக் குப்பை.

இதைச் செய்தவர் சுமதி. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர். பெங்களூரில் நல்ல ஆய்வகத்தில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பின் அதியமான்கோட்டைக்கு வந்தவர். அவர் கணவர் மாணிக்கம் நெடுஞ்சாலை ஓரம் லாரி டயர் கடை வைத்திருந்தார். மகன் இரண்டாம் வகுப்பு. அந்தக் கடையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. சுமதி செய்கிற வேலைக்கு எங்கள் ஆய்வகத்தை விட்டால் அடுத்தது ஓசூர்தான்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். குடுவையை அடுப்பில் உலர்த்தி, நைட்ரஜன் பலூன் கட்டி, ஐஸ் தொட்டியில் உப்புப் போட்டு இறக்குவார். மாலிமைடைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுவார். ஒவ்வொரு சிட்டிகைக்கும் நடுவே வெப்பமானியைக் குனிந்து பார்ப்பார். வினை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று காட்டுகிற டி.எல்.சி. தகட்டில் ஒரு சொட்டு வைத்து ஏற்றி, விளக்கின் கீழ் பார்த்தால் பழைய புள்ளி மங்கிப் புதுப் புள்ளி ஒன்று தெரியும். குளிர்ந்த ஹெக்ஸேன் ஊற்றினால் வெளிர்மஞ்சள் படிகம் இறங்கும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி, பாட்டிலில் போட்டு என் மேசைக்கு வரும். கடுகு உடைத்தது போன்ற அழகான படிகம்.

சேலத்திலிருந்து வரைபடம் வரும். ஹைட்ரஜன் இடம் மாறியிருக்கிறது.

முதல் தடவை பாதிக்குப் பாதி. சுமதி குளிரை இன்னும் இறக்கினார். அடுத்தது முக்கால்வாசி மாறியிருந்தது. கரைப்பானை மாற்றினார்; கால்வாசிதான் மாறியிருந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதையே திரும்பச் செய்தார். பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு வழியில் தோற்றால் வேறு வழி தேடலாம். ஒரே வழி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகத் தோற்றால் என்ன செய்வது? பக்கத்து மேசைக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். "பெங்களூரு கை இங்க செட் ஆவல போல" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். "உங்க கையில மட்டும் என்ன, அதியமான் நெல்லிக்காயா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

முதலாளி ஒரு திங்கட்கிழமை வந்தார். அறைக்குள் நஞ்சப்பா சாரும் சுமதியும் நானும். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார்.

"வர்ற சனிக்கிழமை அந்தக் கம்பெனிக்காரங்களோட மீட்டிங்குங்க. அதுக்குள்ள வந்தாச் சரி. வரலேன்னா இந்த வேல ஐதராபாத் போயிரும். அந்த பெஞ்ச மூடிட வேண்டியதுதான். சுமதி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. வேற எடம் பாத்துக்கறதுன்னா நானே ஓசூர்ல சொல்லி வுடறேன்."

"சரிங்க சார்" என்றார் சுமதி. வெளியே வந்ததும் என்னிடம், "ஓசூருக்கு இங்கிருந்து தெனம் போய்வர முடியுமாக்கா?" என்று கேட்டார். முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். "அப்ப பையன யாரு பாத்துக்கறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மேசைக்குப் போனார்.

மறுநாள் புதிய படிகம் வந்தது. வழக்கம்போலக் கரைத்து, காலை பஸ்ஸில் கொடுத்தேன். மாலை மையத்துக்குப் போன் செய்தால் டப்பாவே வந்து சேரவில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று கவிழ்ந்து, பஸ்கள் எல்லாம் வெயிலில் நின்றிருக்கின்றன. இருட்டிய பிறகுதான் டப்பா போய்ச் சேர்ந்தது. இனி காலையில்தான் ஓட்டுவோம் என்றார்கள்.

புதன்கிழமை எனக்கு விடுப்பு. தங்கை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சேலம் போகவேண்டியிருந்தது. நஞ்சப்பா சார் சொன்னார்: "தெரசம்மா, எதுக்கும் அதே பாட்டில்ல இருந்து இன்னொரு டியூப் போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க. நேத்துது வெயில்ல ஆவியாயிருக்கும்." சாலை அன்று காலியாக இருந்தது. டியூப்பைக் கைப்பையில் நிமிர்த்தி வைத்தபடி போய் இறங்கினேன். தங்கையைக் கடைக்கு அனுப்பிவிட்டு மையத்துக்குப் போனேன்.

கருவியை ஓட்டுகிற ஜெயபால், நேற்று வந்ததையும் நான் கொண்டுபோனதையும் அடுத்தடுத்துப் போட்டார். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே பாட்டிலுன்னீங்க?"

"ஒரே பாட்டில்தாங்க."

"லேபிள மாத்தி ஒட்டிட்டீங்களா?"

"எங்க ஊர்ல லேபிள் மாறாதுங்க. அதப் படிச்சிப் படிச்சே தொண்ட வத்திப் போச்சு."

சரியான சேர்மமாக இருந்தால் ஆறு என்கிற எண்ணுக்குச் சற்று இந்தப் பக்கம் ஒரு சின்ன முகடு நிற்க வேண்டும். நேற்றைய டியூப்பில் அது அடியோடு இல்லை. என்னுடையதில் நிமிர்ந்து நின்றது. அவ்வளவு உயரமாக அதை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரே பாட்டில், ஒரே கை, ஒரே குளோரோஃபார்ம். வேறுபாடு என்று பார்த்தால் தொப்பூர் ஒன்றுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "என் டியூப்ப எடுக்காதீங்க. நான் சாப்ட்டுட்டு வரேன். வந்ததும் அதையே திரும்பப் போடுங்க" என்றேன்.

"அதேதான வரும்?"

"அதேதான் வரணும். வருதான்னு பாப்பம்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். திரும்பி வந்ததும் போட்டார். முகடு பாதியாகச் சரிந்திருந்தது. குளிர்சாதன அறையில், மூடிய குழாயில், யாரும் தொடாமல். எங்கள் கண்ணெதிரே அந்த ஹைட்ரஜன் நடந்துகொண்டிருந்தது. ஜெயபால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு வாட்டி போடட்டுங்களா?" என்று இந்தத் தடவை அவரே கேட்டார்.

நஞ்சப்பா சாருக்குப் போன் செய்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"பாத்தீங்களா, இல்ல..." என்று ஆரம்பித்தார்.

"பாத்தேன் சார். ரெண்டு வாட்டி, அதே டியூப்ல. வரைபடம் கையில இருக்கு."

"குளோரோஃபார்ம் பாட்டில் எப்பத் தெறந்தது?"

"கோடைக்கு முன்னாடி சார். ஜன்னலோரத் தட்டுலதான் இருக்கு."

அவ்வளவுதான். அவருக்கும் எனக்கும் அதிலேயே புரிந்துவிட்டது. குளோரோஃபார்ம் வெளிச்சத்திலும் காற்றிலும் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் விடும். எல்லோரும் படித்ததுதான். நாங்கள் அதுவரை அனுப்பிய சேர்மங்கள் எதுவும் அந்தத் துளி அமிலத்தைச் சட்டை செய்ததில்லை. இது செய்தது. சுமதியின் குடுவையில் ஹைட்ரஜன் அசையவே இல்லை. நான் கரைத்த நொடியிலிருந்துதான் அது புறப்பட்டது. பஸ் எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு மாறியது. தினம் ஒரு விதமாக வந்ததற்குக் காரணம் போக்குவரத்து.

"நாமளே கொன்னுட்டு, அந்தப் பொண்ணு மேல கேஸ் எழுதிட்டு இருந்திருக்கோம்" என்றார் சார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. போனில் உதட்டைப் பார்க்க வழியில்லை. காதை அழுத்திக் கேட்டேன். "கரைச்சு அனுப்பச் சொன்னது நான்."

தங்கை அன்று தானாகவே சேலையை எடுத்துக்கொண்டாள். அது நன்றாக இல்லை என்று இன்றுவரை என்னைத்தான் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாருடைய காரில் மூன்று பேரும் சேலம் புறப்பட்டோம். சுமதி மடியில் ஐஸ் பிளாஸ்க்; அதற்குள் புதிய படிகம், பொடியாக. அந்தச் சட்டத்துக்குப் பிறகு பரிசோதனைக்கென்று ஆய்வகக் கேட்டைத் தாண்டிய முதல் பொடி. என் பையில் புதிய குளோரோஃபார்ம் பாட்டில். அதில் முந்தின நாளே பொட்டாசியம் கார்பனேட் போட்டுக் குலுக்கி, இருந்த அமிலத்தையெல்லாம் தின்னவைத்திருந்தேன். சார் கேட்டில் இறங்கிக் காவலாளியிடம், "பொடி ஒண்ணு வெளிய போகுது, எழுதிக்குங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுகிறபோதும் பதிவு செய்துவிட்டுத்தான்.

தொப்பூரில் அன்றும் வண்டிகள் ஊர்ந்தன. சார் பொறுமையில்லாமல் ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

"நிக்கட்டும் சார்" என்றார் சுமதி. "பொடியாத்தான இருக்குது. எத்தன நேரம் நின்னாலும் ஒண்ணும் ஆவாது." அந்த மாதம் முழுவதிலும் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"உங்க வூட்டுக்காரர் கடைதான் நெடுக லாரிக்கு டயர் போடுதே. பிரேக்கும் சேத்துப் பாக்கச் சொல்லும்மா" என்றார் சார்.

"பிரேக் தேயறது எங்க கணக்குல வராதுங்க சார். டயர் தேஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு."

மையத்தில் ஜெயபால் கருவியைக் காலியாக வைத்துக் காத்திருந்தார். நான் லேபிளைச் சத்தமாகப் படித்துவிட்டு, கார்பனேட் தங்கும்படி பஞ்சு வழியாக வடித்துக் கரைத்தேன். சுமதி திரையைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகடு எழுந்தது. முழு உயரம். இடம் மாறியதற்கு அடையாளமான முகட்டுக் கூட்டம் எங்கேயும் இல்லை. வரைபடத்தின் அடிக்கோடு கழுவி விட்ட தரை மாதிரி இருந்தது.

"சுமதி" என்றார் சார். "பாருங்க."

பார்த்தார். கிட்டே போய், முகட்டின் கீழே விரல் வைத்துக்கொண்டு இன்னும் பார்த்தார். பிறகு ஜெயபாலிடம், "ஒரு மணி நேரம் கழிச்சு இதையே திரும்பப் போடலாங்களா?" என்று கேட்டார்.

காத்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. மறுபடி போட்டார். முகடு மயிரிழையும் குறையவில்லை. சுமதி வெளியே போய் மாணிக்கத்துக்குப் போன் செய்தார். கதவு திறந்திருந்ததால் கேட்டது.

"இங்கயே இருக்கலாம்... ஆமா... இல்ல, நெசமாத்தான். பாத்துட்டுத்தான் சொல்றன்."

சனிக்கிழமை மீட்டிங்கில் நான் இல்லை. முதலாளி வெளியே வந்து, "இன்னும் கூடுதலா வேணுமாம்" என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை நஞ்சப்பா சார் எங்கள் எல்லோரையும் நடுக்கூடத்தில் கூப்பிட்டார். "டியூப்ல கரைச்சு அனுப்பற சட்டம் நான் போட்டது. அதனாலதான் இந்த வேல கெட்டது. சுமதியோட கெமிஸ்ட்ரி முதல் நாள்ல இருந்து சரி. இனிமே ஒவ்வொரு சேர்மத்துக்கும் எதுல கரைக்கறது, எப்பக் கரைக்கறதுன்னு செஞ்சவங்களக் கேட்டுட்டுத்தான் முடிவு." குரல் இறங்கவில்லை. கடைசி மேசை வரை கேட்டது. பெங்களூரு கை என்று சொன்னவர் தரையைப் பார்த்தார்.

பிறகு சார் நேராகச் சுமதியின் மேசைக்குப் போனார்.

"பெரிய அளவுல கேட்டிருக்காங்க. எப்ப ஆரம்பிக்கறீங்க?"

சுமதி திரும்பவில்லை, வெப்பமானியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ்ல எறக்கிட்டேன் சார்" என்றார். "மொத சிட்டிக போட்டாச்சு."